இருபத்தாறு முறை

ஒன்பது ஐம்பதுக்கே
ஆறு பென்சிலும் சீவியாயிற்று.
பேரவைத் தலைவரின் காலடியில் எங்கள் மேசை.
அவையில் எல்லாக் கண்களும்
எங்களுக்கு மேலாகத்தான் போகும்.

ஐந்து நிமிடம் நான்.
அடுத்த ஐந்து தில்ஷாத்.
பிறகு வரதுகுட்டி சார்,
அவரோடு கொஞ்சம் விக்ஸ் மணம், ஓர் இருமல்.
இருமலைக் குறிப்பதில்லை.

கேள்வி நேரம்.
கால்நடை மருந்தகம், தடுப்பணை,
திறந்து வைத்தும் திறக்காத பேருந்து நிலையம்.
'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு
என் சுருக்கெழுத்தில் ஒரே ஒரு சுழி.
'ஆவன செய்யப்படும்' அதிலும் பாதி.
பதினேழு வருடத்தில் கை அதுவாகக் கற்றுக்கொண்டது.

ஒன்பதாவது வினா
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.

என் கேட்.
இன்று காலைகூடப் பதினொரு நிமிடம்.
யாருடைய மீன்கூடையோ இடுப்பில் இடிக்க,
புடவையில் இன்னும் அந்த ஈரம்.

எழுந்தவர் சூசைமாணிக்கம்.
முதல் முறை உறுப்பினர். கையில் கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் மடித்த தாள்.
'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே,
அந்த கேட்டை ஒரு நாளைக்கு
இருபத்தாறு முறை மூடுகிறார்கள்.'

இல்லை.
முப்பத்தொன்று.
காய்ச்சலில் விடுப்பெடுத்த ஒரு நாள்
ஜன்னலோரம் படுத்து எண்ணியிருக்கிறேன்.

எழுவாய் ஓரிடமும் பயனிலை வேறிடமும் போனால்
சேர்த்து வைக்க எனக்கு அனுமதி உண்டு.
பழமொழி தலைகீழாக வந்தால்
நிமிர்த்தி வைக்கலாம்.
எண்ணைத் தொடக் கூடாது.
இருபத்தாறு என்று எழுதினேன்.

சுரங்கப்பாதை ரயில்வேயின் பொறுப்பு என்றார் அமைச்சர்,
கடிதம் எழுதப்பட்டுள்ளது என்றார்.
உங்கள் ஆட்சியில் எழுதினீர்களா என்று ஒரு குரல்,
அதற்கு இருபது குரல்,
மேசைகள், ஒரு தண்ணீர் டம்ளர்,
யாரோ யாரையோ ஒருமையில்.
எல்லாம் சேர்ந்து என் தாளில்
(கூச்சல், குறுக்கீடுகள்)
அடைப்புக்குறிக்குள் நிம்மதியாக உட்கார்ந்தன.

மைக் அணைந்தது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
மேடைத் தமிழ் கழன்றுபோய்
வீட்டுப் பேச்சில், எங்கள் மேசைக்கு மட்டும் கேட்கும்படி:
'இருபத்தாறு ஆபீசர் எழுதித் தந்ததுங்க.
முப்பத்தொண்ணு.
எங்க வீட்ல எண்ணிப் பாத்தாங்க.'

பென்சில் ஓடிவிட்டது.
தில்ஷாத் தோளைத் தொட்டாள். என் ஐந்து நிமிடம் முடிந்திருந்தது.

பிற்பகலில் மானியக் கோரிக்கை.
வெளிநடப்பு செய்தவர்கள் போக
ஏற்போர் 'ஆம்' என்க என்றதும்
கூரைப் புறா எழும்பும் அளவுக்கு ஓர் ஆம்.
மறுப்போர் 'இல்லை' என்க.
ஏசி ஓடும் சத்தம்.
வெட்டுத் தீர்மானங்கள் தோற்றன,
பல கோடி ரூபாய் நிறைவேறியது,
வரதுகுட்டி சார் இருமினார்.

நாலரைக்குத் தட்டச்சுப் பிரதி.
கண்காணிப்பாளர் சிவப்பு மையால்
மூன்று வரியை அடித்தார். கோபமில்லை.
'மைக் இல்லாம பேசினது ஏறாதும்மா, தெரியாதா?'
தெரியும்.
குறிப்பேட்டில் மட்டும் அந்தக் கோடுகள் இருக்கும்.
தில்ஷாத்துக்கே என் கோடு புரியாது.

கோட்டைக்கு வெளியே துறைமுகத்து லாரிகள்.
பீச் ஸ்டேஷன் வரை நடை,
நின்றபடி ரயில்.
இறங்கி வந்தால் கேட் மூடியிருக்கிறது.

சரக்கு ரயில்.
ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்:
'அக்கா, நம்ம கேட்டப் பத்திப் பேசினாங்களாமே,
இன்னா சொன்னாங்கோ?'
'கடிதம் எழுதியிருக்காங்களாம்.'
'யாருக்கு?'

நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு.
பெட்டிகள் போய்க்கொண்டேயிருந்தன.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
வரிசையாய் மாடி ஜன்னல்கள், சிலவற்றில் விளக்கு.
எது அந்த வீடு என்று
பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில்
பார்த்துக்கொண்டு நின்றேன்.